சூரியனுக்கு ஏன் இவ்வளவு கூர்மையான விளிம்பு? 'கூடுதல் எலெக்ட்ரானை' கணக்கில் பிடித்த சந்திரசேகரின் கதை

காத்திவாக்கம், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு சூரிய உதயம் தினசரிக் காட்சி. கடலுக்கு மேலே ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று எழும். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி சுத்தமான வட்டம். இதில் ஒரு வினோதம் இருக்கிறது. சூரியன் திடப்பொருள் இல்லை, முழுக்க வாயு. தெர்மல் சிம்னிப் புகையைப் பாருங்க, அதற்கு விளிம்பே கிடையாது. கலைந்து, மங்கி, எங்கே முடிகிறது என்றே தெரியாது. அப்போ சூரியனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கூர்மையான ஓரம் வந்தது?

விடை ஒரு சின்ன அயனியில் இருக்கிறது. ஒரே ஒரு எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவோடு, இன்னொரு எலெக்ட்ரான் வந்து தொற்றிக்கொண்டால் கிடைக்கும் அயனி அது. அந்தத் தொற்றலை நம்பகமான கணக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவர்: சுப்பிரமணியன் சந்திரசேகர். உலகம் அவரை 'சந்திரா' என்று அழைத்தது. 'சந்திரசேகர் எல்லை'க்காக நோபல் வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது.

யார் இந்த சந்திரா?

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பா சி.எஸ். அய்யர் என்கிற சுப்பிரமணிய அய்யர், ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. வேலை நிமித்தம் குடும்பம் அங்கே இருந்தது. பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது, மகன்களில் மூத்தவர். அப்பாவின் தம்பிதான் சர் சி.வி. ராமன். அம்மா சீதாலட்சுமி பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ஆனாலும் நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு 1925-ல் கடற்கரையைப் பார்த்தபடி நிற்கும் மாநிலக் கல்லூரி.

மகன் ஐ.சி.எஸ். எழுதி அரசு அதிகாரி ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்தக் காலத்தில் அதுதான் உச்சம். மகனுக்கோ இயற்பியலும் கணிதமும்தான் பிடித்தது. வீட்டில் அவர் பக்கம் உறுதியாக நின்றவர் அம்மா. மனசுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்பது அவருடைய நிலை.

ஒரு சந்திப்பு, பழசாகிப்போன ஒரு புத்தகம்

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். அணு அமைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் அன்றைய மாணவர்களுக்கு வேதம் மாதிரி. 18 வயதை எட்டிக்கொண்டிருந்த சந்திரா அதை முழுசாகப் படித்து முடித்திருந்தார். அந்தத் தைரியத்தில், சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஹோட்டலுக்கே நேரில் போய் நின்றார்.

அங்கே கிடைத்தது அதிர்ச்சி. அந்தப் புத்தகத்தில் உள்ள குவாண்டம் கொள்கை காலாவதியாகிவிட்டது என்று, அதை எழுதியவரே சொல்லிவிட்டார். ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோர் சில ஆண்டுகளுக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தார்கள். சோமர்ஃபெல்டு மாணவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப் பிரதியைக் கொடுத்தார்.

சந்திரா அதைப் பிடித்துக்கொண்டார். புதிய புள்ளியியலைத் தானே கற்றுக்கொண்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. அப்போது அவர் இன்னும் இளங்கலை மாணவர்.

அந்தப் புதிய இயற்பியல் என்ன சொன்னது?

கொஞ்சம் நின்று இதைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை பிடிபடும்.

ஹைட்ரஜன்தான் இருப்பதிலேயே எளிய அணு. நடுவில் ஒரு புரோட்டான், அதற்கு ஒரு எலெக்ட்ரான், அவ்வளவுதான். பழைய படத்தில் எலெக்ட்ரான் கிரகம் போலச் சுற்றிவரும். 1926-ல் ஷ்ரோடிங்கர் கொடுத்த சமன்பாட்டில் அந்தச் சுற்றுப்பாதையே இல்லை. அதற்குப் பதில் 'அலைச் சார்பு' என்று ஒன்று வந்தது.

அலைச் சார்பு என்பது, அணுவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்ணைச் சொல்லும் கணக்கு. அந்த எண்ணின் இருமடியை எடுத்தால், எலெக்ட்ரான் அந்த இடத்தில் அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்று தெரியும். ஹைட்ரஜனின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இந்த அலைச் சார்பு உருண்டை வடிவம். நடுவில் அடர்த்தி, வெளியே போகப் போக மங்கல். மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எலெக்ட்ரான் அகப்பட வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால், அது சுமார் 0.053 நானோமீட்டர்.

இந்த எலெக்ட்ரானைப் பிடுங்கி எடுக்க 13.6 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்கு மேலே உள்ள நிலைகள் ஏணிப்படி மாதிரி. இரண்டாம் படியில் இருந்தால் 3.4, மூன்றாம் படியில் 1.51. படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. அதனால்தான் ஹைட்ரஜன் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் உமிழும், உறிஞ்சும். மூன்றிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு.

இதை நம்மூரிலேயே பார்த்திருப்போம். எல்.இ.டி. வருவதற்கு முன் சாலைகளில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? சோடியத்துக்கு 11 எலெக்ட்ரான்கள். அதில் 10 உள்ளே இறுக்கமாக அடைந்திருக்கும், ஒன்று மட்டும் வெளியே தனியாக. அந்த ஒற்றை எலெக்ட்ரான் ஒரு படி இறங்கும்போது வருவதுதான் 589 நானோமீட்டரை ஒட்டிய அந்த மஞ்சள். கணக்குக்கு ஏறக்குறைய 'ஒரு எலெக்ட்ரான் அணு' மாதிரிதான்.

முக்கியமான விஷயம்: ஒரு எலெக்ட்ரான் மட்டும் இருந்தால் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு முழுமையான விடை உண்டு. இரண்டாவது எலெக்ட்ரான் வந்த உடனே அந்தச் சுகம் போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். துல்லியமான சூத்திரம் கிடையாது, தோராயம்தான் வழி.

கப்பலும், அம்மாவும், எல்லையும்

1930-ல் இந்திய அரசின் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போக வாய்ப்பு வந்தது. அதே நேரம் அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசம். இந்த நிலையில் மூத்த மகன் கடல் கடந்து போவதா என்ற கேள்வி வீட்டில் இருந்தது. போயே ஆக வேண்டும் என்று சொன்னவர் அம்மாதான். ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு, 1931 மே மாதம், அம்மா இறந்துபோனார். மகன் அப்போது இங்கிலாந்தில்.

அந்தக் கப்பலில்தான், 19 வயதில், புகழ்பெற்ற அந்தக் கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். உள்ளே நெருக்கியடிக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சார்பியலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால், சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் அந்தத் தாங்கல் தாங்காது. அதற்கு மேற்பட்ட நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போகும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை முன்வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய வானியலின் பெரிய ஆளுமை ஆர்தர் எடிங்டன். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்ற தொனியில் பேசி, மொத்தக் கணக்கையும் கேலிக்குரியதாக ஆக்கிவிட்டார். போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திராவின் பக்கம்தான் நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவெளியில் எடிங்டனை எதிர்த்து நிற்க யாரும் முன்வரவில்லை.

24 வயது இளைஞருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை. அவர் சண்டையை இழுக்கவில்லை. தான் அறிந்ததை எல்லாம் 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார், அந்தத் துறையை விட்டு நகர்ந்தார். ஒரு துறையில் இறங்கு, முழுசாகக் கற்றுக்கொள், புத்தகமாக எழுது, அடுத்ததுக்குப் போ. பிறகு வாழ்நாள் முழுக்க இதுவே அவர் பாணி ஆனது.

சூரியனை மறைக்கும் ஆள் யார்?

1936-ல் இந்தியா வந்து லலிதாவைத் திருமணம் செய்தார். மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஒரு வருடம் ஜூனியர், அவரும் இயற்பியல் மாணவி. 1937-ல் இருவரும் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை.

அந்தச் சமயத்தில் வானியலில் ஒரு புதிர் இருந்தது. சூரியனின் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பகுதிக்கு 'ஒளிமண்டலம்' என்று பெயர். அதன் வெப்பநிலை ஏறக்குறைய 5,800 கெல்வின். அதற்குக் கீழே இருப்பதை நம்மால் பார்க்க முடியாது; ஏதோ ஒன்று வெளிச்சத்தைத் தடுக்கிறது. அது எது?

ஹைட்ரஜன்தானே அங்கே அதிகம், அதுவாக இருக்கக் கூடாதா? மேக்நாத் சாஹாவின் சமன்பாட்டைப் பயன்படுத்தி 1925-ல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்களில் ஹைட்ரஜன்தான் பிரதானம் என்று காட்டியிருந்தார். ஆனால் சாதாரண ஹைட்ரஜன் இந்த வேலைக்கு ஆகாது. கீழ்ப்படியில் உள்ள எலெக்ட்ரானை அடுத்த படிக்கு ஏற்றவே 10.2 எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளிடம் இருப்பது சுமார் 1.6 முதல் 3.1 வரைதான். ஆகவே பெரும்பாலான ஹைட்ரஜன் அணுக்கள் அந்த ஒளியைக் கண்டுகொள்ளாது, வழிவிட்டுவிடும். இரும்பு, மெக்னீசியம் போன்ற உலோக அணுக்கள் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். அதுவும் அளவீடுகளோடு ஒத்துவரவில்லை.

1939-ல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர் ஒரு யோசனை சொன்னார். எதிர்மின் ஹைட்ரஜன் அயனி, அதாவது ஒரு எலெக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்ட ஹைட்ரஜன். சுருக்கமாக 'எச் மைனஸ்'. சூரியனில் சோடியம், மெக்னீசியம், இரும்பு போன்ற அணுக்கள் எளிதில் எலெக்ட்ரானை விட்டுவிடும். அப்படி அலையும் எலெக்ட்ரான்களில் சில ஹைட்ரஜனோடு ஒட்டும்.

யோசனை நல்ல யோசனை. ஆனால் இந்த அயனி எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சும் என்று எண்களில் காட்டினால்தான் நிரூபணம். அதற்கு அலைச் சார்பு வேண்டும். அங்கேதான் சந்திரா வந்தார்.

ஷேர் ஆட்டோவில் இரண்டாவது ஆள்

இப்படி ஒரு அயனி நிலைத்து நிற்க முடியும் என்பதை 1929-30 வாக்கிலேயே பெத்தே, ஹில்லராஸ் ஆகியோர் காட்டியிருந்தார்கள். ஆனால் ஒட்டிக்கொண்ட அந்த எலெக்ட்ரானின் பிடி மிக லேசு. அதைப் பிடுங்க வேண்டிய ஆற்றல் வெறும் 0.75 எலெக்ட்ரான்வோல்ட். முதல் எலெக்ட்ரானின் 13.6 எங்கே, இது எங்கே!

இரண்டு எலெக்ட்ரான் கணக்குக்கு வழக்கமான முறை இதுதான். அலைச் சார்பின் வடிவத்தை ஊகித்து எழுதுவது, அதில் திருகக்கூடிய ஒன்றிரண்டு எண்களை வைப்பது, அவற்றை மாற்றி மாற்றி ஆற்றலைக் கணக்கிடுவது. இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஊகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், கிடைக்கும் விடை உண்மையான ஆற்றலுக்குக் கீழே போகாது. ஆகவே எவ்வளவு கீழே இறங்குகிறதோ, ஊகம் அவ்வளவு நல்லது.

எளிய ஊகம் ஒன்று: இரண்டு எலெக்ட்ரானும் ஒரே மாதிரி மேகத்தில் இருக்கின்றன. ஹீலியத்துக்கு இது ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். எச் மைனஸுக்குப் போட்டால் விடை மைனஸ் 12.9 எலெக்ட்ரான்வோல்ட். தனி ஹைட்ரஜனே மைனஸ் 13.6. அதாவது சேர்ந்து இருப்பதைவிடப் பிரிந்து போவதே மேல் என்கிறது கணக்கு. இப்படி ஒரு அயனியே இருக்க முடியாது என்று ஆகிவிடும்!

1944-ல் சந்திரா செய்தது ஒரு சின்ன மாற்றம். இரண்டு எலெக்ட்ரானும் ஏன் ஒரே மாதிரி இருக்க வேண்டும்? திருவொற்றியூர் - எண்ணூர் ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறும் ஆளை யோசியுங்க. முதலில் ஏறியவர் சீட்டில் நன்றாக உட்கார்ந்திருப்பார். கடைசி ஆள் ஓரத்தில் பாதி உடம்பை வெளியே விட்டுத் தொற்றிக்கொண்டு வருவார். எச் மைனஸும் அப்படித்தான். ஒரு எலெக்ட்ரான் கிட்டத்தட்ட சாதாரண ஹைட்ரஜனில் இருப்பது போலவே நெருக்கமாக, இன்னொன்று வெகு வெளியே பரந்து.

ஒவ்வொரு மேகமும் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதற்குத் தனித்தனி எண் கொடுத்தார். சாதாரண ஹைட்ரஜனுக்கு அந்த எண் 1. கணக்கு போட்டுப் பார்த்தால் உள்ளே உள்ளதற்கு 1.039, வெளியே உள்ளதற்கு 0.283. அதாவது வெளி மேகம் மூன்றரை மடங்குக்கும் அதிகமாகப் பரந்தது. எந்த எலெக்ட்ரான் உள்ளே, எது வெளியே என்று அடையாளம் சொல்ல முடியாது என்பதால், இடம் மாற்றிய அமைப்பையும் சேர்த்து எழுதினார்.

விடை மைனஸ் 13.97. தனி ஹைட்ரஜனின் மைனஸ் 13.6-ஐ விடக் கீழே. அயனி நிற்கும்! உண்மையான மதிப்பு மைனஸ் 14.36 என்பதால் இது முழுத் துல்லியம் இல்லை. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதையும் ஊகத்தில் சேர்த்தபோது இன்னும் நெருங்கியது. ஆனால் இரண்டே எண்களைக் கொண்ட அந்த எளிய அலைச் சார்பு, அயனி எப்படி உயிர் பிழைக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டியது. குவாண்டம் பாடத்தில் இன்றும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் உலகப்போர் காலம். அமெரிக்க ராணுவத்தின் அபர்டீன் ஆய்வகத்தில் குண்டு, அதிர்வலை தொடர்பான கணக்குகளுக்கும் அவர் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். கணினி கிடையாது, எல்லாம் கையாலும் மேசைக் கணக்கு இயந்திரத்தாலும்தான்.

எந்த அலைச் சார்பு போதும்?

ஆற்றல் சரியாக வந்தால் போதாது. ஒளியை உறிஞ்சும் அளவு சரியாக வர வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருப்பதை சந்திரா கண்டார். அயனியின் ஆற்றலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்பகுதி. வழக்கமான சூத்திரப்படி ஒளியை உறிஞ்சும் அளவைத் தீர்மானிப்பதோ வெகு வெளியே உள்ள பகுதி. ஆற்றலை வைத்துத் தேர்ந்தெடுத்த அலைச் சார்பு அங்கே தப்பாக இருக்கலாம்.

1945-ல் இதற்கு வழி சொன்னார். அதே கணக்கை எலெக்ட்ரானின் தூரத்துக்குப் பதில் வேகத்தை வைத்து எழுதலாம். அலைச் சார்பு துல்லியமாக இருந்தால் இரண்டும் ஒரே விடை தரும். தோராயமாக இருந்தால் வேறு வேறு விடை வரும். அப்படியான நேரத்தில், நம் அலைச் சார்பு எங்கே நம்பகமாக இருக்கிறதோ அந்தப் பகுதியைச் சார்ந்த வடிவமே மேல். 1946-ல் பிரான்சஸ் பிரீன் என்ற கணக்கீட்டாளரோடு சேர்ந்து, பல அலைநீளங்களுக்கும் வெப்பநிலைகளுக்கும் உறிஞ்சும் அளவை அட்டவணையாக வெளியிட்டார். சூரியனின் அளவீடுகளோடு அது பொருந்தியது. வில்டின் யோசனை ஊகம் என்ற நிலையைத் தாண்டியது.

சரி, விளிம்புக்கு வருவோம்

எச் மைனஸின் வெளி எலெக்ட்ரானைப் பிடுங்க 0.75 எலெக்ட்ரான்வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் எதுவானாலும் அதைவிட அதிகம் வைத்திருக்கும். மிச்ச ஆற்றலை எலெக்ட்ரான் வேகமாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஏணிப்படிக் கட்டுப்பாடு இல்லை. அதனால் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே உறிஞ்சப்படும். ஹைட்ரஜன் அணுக்கள் கோடிக்கணக்கில் இருந்தால் அதில் ஒன்றுதான் எச் மைனஸாக இருக்கும். அந்த ஒன்றே போதும், உள்ளே பார்க்க முடியாதபடி திரை விழுந்துவிடும்.

சூரியனில் மேலிருந்து கீழே போகப் போக அடர்த்தியும் எலெக்ட்ரான்களும் மளமளவென்று கூடும், திரையும் தடிக்கும். சில நூறு கிலோமீட்டருக்குள் 'ஊடே தெரியும்' என்ற நிலை 'சுத்தமாகத் தெரியாது' என்று மாறிவிடும். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். அதோடு ஒப்பிட்டால் சில நூறு கிலோமீட்டர் ஒரு கோடு. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி காத்திவாக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது கூர்மையான விளிம்பு. (உதயமோ, அஸ்தமனமோ, சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது.)

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஒரு எலெக்ட்ரான் ஹைட்ரஜனோடு வந்து ஒட்டும்போது ஒளி வெளிப்படும். நம்மை எட்டும் வெயிலில் பெரும்பங்கு இப்படிப் பிறந்ததுதான். வல்லத்தில் காயும் கருவாட்டுக்கும் மொட்டைமாடி வத்தலுக்கும் வேலை செய்வது, எட்டு நிமிடம் முன்பு ஒரு எலெக்ட்ரான் தொற்றிக்கொண்டபோது கிளம்பிய வெளிச்சம்.

அப்புறம்?

சந்திரா 1944-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் எடிங்டன் இறந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்திப் பேசியவர்களில் சந்திராவும் ஒருவர். அந்தக் காலத்தின் மிகப்பெரிய வானியலாளர்களில் ஒருவர் என்ற இடத்தை எடிங்டனுக்குத் தயங்காமல் கொடுத்தார்.

ஒளி நட்சத்திரங்களுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பதை 1950-ல் புத்தகமாக எழுதி முடித்து, வழக்கம்போல அடுத்த துறைக்கு நகர்ந்தார். 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை. அப்பாவுக்கு இது வருத்தம்; மகன் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. 1952 முதல் 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' ஆசிரியர். 1968-ல் பத்ம விபூஷண். 1983-ல் வில்லியம் ஃபவுலரோடு நோபல் பரிசு, கப்பலில் கணக்கைத் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்து. 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் இறந்தார். 1999-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கி 'சந்திரா' என்ற பெயரில் பறக்கிறது.

வெள்ளைக் குள்ளன் கணக்கு அவருக்கு முதலில் அவமானமும் பிறகு புகழும் கொடுத்தது. எச் மைனஸ் கணக்கு இரண்டையும் கொடுக்கவில்லை. யாரும் கேலி செய்யவில்லை, பத்திரிகையில் தலைப்புச் செய்தியும் வரவில்லை. பொருந்தியது, பயன்பட்டது, அப்படியே பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது.

ஆனால் அந்த அயனிக்கு வேலை இன்னும் முடியவில்லை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும், ஆயிரக்கணக்கான டிகிரி கொதிக்கும் ராட்சதக் கிரகங்களின் வளிமண்டலத்தைப் படிக்கும்போதும் எச் மைனஸைக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், பெரும் துகள் மோதுவிக்குப் போகும் புரோட்டான்கள் முதலில் எச் மைனஸ் அயனியாகத்தான் வேகம் எடுக்கின்றன. அடுத்த கட்டத்துக்குள் நுழையும்போது மெல்லிய தகடு ஒன்றில் புகுந்து வரும். அங்கே இரண்டு எலெக்ட்ரானும் உரிந்துவிடும், உள்ளே உட்கார்ந்திருந்ததும் சரி, ஓரத்தில் தொற்றிக்கொண்டு வந்ததும் சரி.